நரம்பு வழியா சாப்பாடு போறவங்களுக்கு வைட்டமின், மினரல் கணக்கு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

என் தம்பிக்கு சின்னக் குடல்ல பெரும்பகுதிய எடுத்ததுலேருந்து ஏழு வருஷமா டி.பி.என். (சத்து எல்லாத்தையும் திரவமா பேக்ல வச்சு நேரா ரத்தக்குழாய்ல விடுறது) தான், ராத்திரி பேக் மாட்டி விட்டா காலையில கழட்டுவோம். நான் டாக்டர் இல்ல, பேக் மாட்டுறதும் ரிப்போர்ட் எழுதி வைக்கிறதும் என் வேலை. புதுசா இந்தப் பாதைல வர்ற குடும்பங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க ஒண்ணா எழுதி வைக்கிறேன். நான் சொல்ற அளவெல்லாம் பெரியவங்களுக்கானது, குழந்தைங்களுக்கு கணக்கே வேற. எத கூட்டணும் எத குறைக்கணும்னு முடிவெடுக்க வேண்டியது உங்க நியூட்ரிஷன் டீம் மட்டும்தான்.

தேவையானது எல்லாமே பேக்ல இருக்கே, அப்புறம் எதுக்கு தனியா கணக்கு பாக்கணும்?

இது புரிஞ்சுட்டா மீதி எல்லாம் தானா புரியும். நாம சாப்பிடும்போது குடல் ஒரு வாசல் மாதிரி நிக்குது. உடம்புல இரும்பு குறைஞ்சா சாப்பாட்டுலேருந்து அதிகமா எடுக்கும், நிறைய இருந்தா கம்மியா எடுக்கும், ஜிங்க், கால்சியம், மாங்கனீஸ் எல்லாத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ரத்தத்துல நேரா விடும்போது அந்த வாசலே கிடையாது. பேக்ல 5 இருந்தா 5ம் உள்ள போயிடும், உடம்பு வேண்டாம்னு சொல்ல வழியில்ல, அதே மாதிரி பேக்ல இல்லாத ஒண்ண உடம்பு எங்கேயும் போய் தேடிக்கவும் முடியாது. வாரக்கணக்குல இது பெரிசா தெரியாது, வருஷக்கணக்குல தினமும் கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் அது சேந்துகிட்டே போகும்.

இன்னொண்ணு, எல்லாருக்கும் ஒரே மல்டிவைட்டமின் வயல் (சின்ன மருந்து பாட்டில்), ஒரே ட்ரேஸ் எலிமென்ட் (ஜிங்க், செலினியம் மாதிரி ரொம்பக் கொஞ்சமா தேவைப்படுற மினரல்) வயல்தான் போடுறாங்க. அது சராசரி ஆளுக்கு கணக்கு பண்ணினது. ஸ்டோமால (குடல வயித்து வழியா வெளிய திறந்து விட்ட வாய்) தினம் ரெண்டு லிட்டர் போறவரும், லிவர் சரியில்லாதவரும், கிட்னி சரியில்லாதவரும் சராசரி ஆள் இல்ல.

மல்டிவைட்டமின பேக்ல முன்னாடியே கலந்து வைக்காம, மாட்டுறதுக்கு முன்னாடி சேர்க்கச் சொல்றாங்களே, ஏன்?

வைட்டமின் சி-ய ஆக்சிஜன் தின்னுடும், அதுலயும் பேக்ல காப்பர் இருந்தா இன்னும் வேகமா போகும். வைட்டமின் ஏ வெளிச்சம் பட்டா அழியும், சில பிளாஸ்டிக்ல ஒட்டிக்கவும் செய்யும். அதனாலதான் சேர்த்த பேக்க 24 மணி நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கணும்னு சொல்றாங்க, பேக் மேல கவர் போடச் சொல்றதும் இதுக்குத்தான். ஜன்னல் பக்கம் வெயில் படுற இடத்துல ஸ்டாண்ட வைக்காதீங்க, கவர் போட மறந்துடாதீங்க, ட்யூபுக்கும் கவர் கிடைச்சா போடுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி நிறத்தப் பாருங்க. ரிபோஃப்ளேவின், அதாவது பி2 இருக்கறதால வைட்டமின் சேர்த்த பேக் மஞ்சளா இருக்கும், கொழுப்பு கலந்த பேக்னா வெள்ளைல லேசா மஞ்சள் தட்டும். தூக்கக் கலக்கத்துல வயல் சேர்த்தோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா நிறம் காட்டிக்கொடுத்துடும். மறுநாள் யூரின் பளிச்னு மஞ்சளா போறதும் அதனாலதான், அதுக்கு பயப்பட வேண்டாம்.

ஒரு நாள் வைட்டமின் சேர்க்காம விட்டா ஆபத்தா?

ஒரே ஒரு நாள்னா பதற வேண்டாம், டீமுக்கு சொல்லிடுங்க, அடுத்த நாள் நீங்களா டபுளா போடாதீங்க. ஆனா ஸ்டாக் இல்லன்னு பல நாள் வைட்டமின் இல்லாம பேக் ஓட விடுறத மட்டும் ஒத்துக்காதீங்க. காரணம் தையமின், அதாவது பி1. பேக்ல இருக்கற குளுக்கோஸ எரிக்க தையமின் கண்டிப்பா வேணும், உடம்புல அதோட சேமிப்பு சில வாரம்தான் தாங்கும், ஏற்கனவே மெலிஞ்சவங்களுக்கு அதுவும் தாங்காது. தையமின் இல்லாம குளுக்கோஸ் ஏறினா ரத்தத்துல லாக்டிக் ஆசிட் கூடிடும், மூச்சு வாங்கும், குழப்பம் வரும், கண் பார்வை ஆடும், நடை தள்ளாடும். அமெரிக்காவுல 1980களோட கடைசில தையமின் இல்லாம டி.பி.என். ஓடினதால 3 பேர் இறந்துபோனாங்க. அப்புறம் 1996-97ல நாடு முழுக்க மல்டிவைட்டமின் ஊசி தட்டுப்பாடு வந்தப்போ மறுபடியும் அதே லாக்டிக் அசிடோசிஸ் வந்துச்சு. மல்டிவைட்டமின் கிடைக்கலன்னா தனியா தையமின் ஊசியாவது போடச் சொல்லி கேளுங்க, அது சின்ன ஊசி, ஆனா உயிர் காக்கும்.

ஜிங்க் குறையுதுன்னு எப்படி தெரியும்?

இத நான் அனுபவிச்சே எழுதுறேன். மூணாவது வருஷம் தம்பிக்கு வாய சுத்தி சிவப்பா தோல் உரிஞ்சுது, அப்புறம் விரல் இடுக்குல, பின்புறத்துல, முடி கொத்துக்கொத்தா வந்துச்சு, சாப்பிடுற நாலு வாய்க்கும் ருசி தெரியலன்னான். அலர்ஜின்னு சொல்லி கிரீம் மேல கிரீம் தடவினோம், ரெண்டு மாசம் வீணாச்சு. அந்த சமயம் ஸ்டோமா அவுட்புட் ரெண்டு லிட்டர தாண்டி போயிட்டிருந்துச்சு, ஆனா பேக்ல ஜிங்க் அளவு முதல் நாள் எழுதினது அப்படியே இருந்துச்சு, யாரும் அத திரும்பிப் பாக்கல, நானும்தான். ஜிங்க் கூட்டினதும் ஒரு வாரத்துலயே தோல் ஆற ஆரம்பிச்சுது.

கணக்கு இதுதான். குடல்ல இழப்பு பெரிசா இல்லாத பெரியவங்களுக்கு நாளுக்கு 3 முதல் 5 மி.கி. ஜிங்க் போதும். ஆனா சின்னக் குடல்லேருந்து வெளிய போற ஒவ்வொரு லிட்டர் திரவத்துலயும் சுமார் 12 மி.கி. ஜிங்க் போயிடும், பேதியா போனா ஒரு கிலோவுக்கு சுமார் 17 மி.கி. இப்போ ரெண்டு லிட்டர் போறவருக்கு 5 மி.கி. எப்படி பத்தும், நீங்களே சொல்லுங்க. அதனால ஸ்டோமா அளவ தினமும் எழுதி வைங்க. டாக்டர்கிட்ட "கொஞ்சம் அதிகமா போகுது"ன்னு சொல்றதுக்கும் "மூணு வாரமா தினம் 1,900 மில்லி"ன்னு சொல்றதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

செலினியம், காப்பர் குறைஞ்சா?

செலினியம் குறைஞ்சா தசை வலி, பலவீனம், நகம் வெளுத்துப் போறது, முக்கியமா இதயத் தசை கெட்டுப்போறது. கடைசில சொன்னதுதான் பயங்கரம், முன்னறிவிப்பு இல்லாம வரும். நாளுக்கு 60 முதல் 100 மைக்ரோகிராம் வேணும். சில பழைய ட்ரேஸ் எலிமென்ட் வயல்ல செலினியமே கிடையாது, உங்க வயல் லேபிள ஒரு தடவ படிச்சுப் பாருங்க, அயோடின் இருக்கான்னும் அப்படியே பாத்துடுங்க.

காப்பர் குறைஞ்சா ரத்தசோகை வரும், வெள்ளை அணு குறையும், இரும்பு எவ்வளவு குடுத்தாலும் ஏறாது. ரொம்ப நாள் கவனிக்காம விட்டா கால் மரத்துப் போயி நடை தடுமாறும், அது முழுசா திரும்பி வராமலும் போகலாம். நாளுக்கு 0.3 முதல் 0.5 மி.கி. தான் தேவை, ஆனா அந்தக் கொஞ்சம் இல்லாம முடியாது.

அதிகமா போறதால ஆபத்துன்னா எது?

முதல்ல மாங்கனீஸ். இது பித்தம் வழியாத்தான் வெளிய போகணும். ரொம்ப நாள் டி.பி.என்.ல இருக்கறவங்களுக்கு லிவர் பாதிச்சு பித்தம் தேங்கறது சகஜம், அப்போ மாங்கனீஸ் வெளிய போக வழியில்லாம மூளைல போய் தங்கிடும். கை நடுக்கம், உடம்பு இறுக்கம், மெதுவான நடை, தூக்கமின்மை, எரிச்சல்னு பார்க்கின்சன் மாதிரியே இருக்கும், எம்.ஆர்.ஐ.ல மூளையோட நடுப்பகுதி வெளிச்சமா தெரியும். தேவை நாளுக்கு வெறும் 55 மைக்ரோகிராம், மத்த மருந்துகள்ல கலப்படமா வர்றதே கொஞ்சம் இருக்கு. லிவர் டெஸ்ட்ல பிலிருபின் (மஞ்சள் காமாலைய காட்டுற அளவு) ஏற ஆரம்பிச்சா "மாங்கனீஸ் நிறுத்தணுமா"ன்னு நீங்களே கேளுங்க. டெஸ்ட் எடுத்தா முழு ரத்தத்துல எடுக்கணும், ஏன்னா மாங்கனீஸ் சிவப்பணுக்குள்ள இருக்கு.

காப்பரும் பித்தத்துல போறதுதான், ஆனா இங்க ஒரு தப்பு அடிக்கடி நடக்குது. மஞ்சள் காமாலைன்னதும் ரெண்டையும் சேர்த்து நிறுத்திடுறாங்க, காப்பர் மாசக்கணக்குல இல்லாம போயி ரத்த அணு எல்லாம் குறைஞ்சுடுது. காப்பர ரத்தத்துல அளந்து பாத்துட்டு குறைக்கணும், கண்ண மூடிட்டு நிறுத்தக்கூடாது.

குரோமியம் கதை கொஞ்சம் விசித்திரம். 1977ல கனடாவுல பல வருஷம் டி.பி.என்.ல இருந்த ஒருத்தருக்கு எடை குறைஞ்சு, சுகர் ஏறி, நரம்பு தளர்ந்துச்சு, குரோமியம் குடுத்ததும் சரியாச்சு, அப்போலேருந்து எல்லாருக்கும் சேர்க்க ஆரம்பிச்சாங்க. ஆனா கலக்கற மருந்துகள்லயே கலப்படமா குரோமியம் வர்றது அப்புறம்தான் தெரிஞ்சுது, இப்போ பலருக்கு கூடுதலா தேவையே இல்லங்கற நிலை.

இரும்ப ஏன் பேக்ல போட மாட்டேங்குறாங்க?

கொழுப்பு கலந்த பேக்ல இரும்பு சேர்த்தா அந்தக் கொழுப்பு உடைஞ்சு பிரிஞ்சுடும். இன்னொரு காரணம், இரும்ப வெளிய தள்ள உடம்புக்கு தனி வழி கிடையாது, போனது தங்கிடும். அதனால ரத்தத்துல ஃபெரிட்டின் (உடம்புல சேமிப்புல இருக்கற இரும்ப காட்டுறது), ஹீமோகுளோபின் பாத்துட்டு தேவைப்படும்போது தனி ட்ரிப்பா குடுப்பாங்க. காய்ச்சலோ லைன் இன்ஃபெக்ஷனோ (பேக் மாட்டுற குழாய்ல கிருமி) இருக்கும்போது குடுக்க மாட்டாங்க, கிருமிக்கும் இரும்பு பிடிக்கும்.

ரிப்போர்ட்ல ஜிங்க் கம்மின்னு வந்துருக்கு, உடனே கூட்டலாமா?

பக்கத்துல சி.ஆர்.பி. (உடம்புல இன்ஃபெக்ஷனோ வீக்கமோ இருந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம்) எவ்வளவுன்னு பாருங்க. பார்க்காம ஒரு முடிவும் எடுக்கக்கூடாது.

உடம்புல இன்ஃபெக்ஷன், அறுவை சிகிச்சை, வீக்கம் (இன்ஃப்ளமேஷன்) எது இருந்தாலும் ஜிங்க், செலினியம், வைட்டமின் ஏ, வைட்டமின் டி, இரும்பு எல்லாம் ரத்தத்துல இறங்கிடும், ஏன்னா அது லிவருக்கும் திசுவுக்கும் இடம் மாறிடும், இல்லன்னா அத சுமக்கற புரதம் குறைஞ்சுடும். உடம்புல இருக்கறது குறையல, இடம் மாறிருக்கு, அவ்வளவுதான். காப்பரும் ஃபெரிட்டினும் இதுக்கு நேர் எதிர், வீக்கம் இருந்தா ஏறும். அதனால சி.ஆர்.பி. 20க்கு மேல இருக்கும்போது ஃபெரிட்டின் நார்மல்னு வந்தா அதுக்குள்ள இரும்புக் குறைவு ஒளிஞ்சிருக்கலாம், ஜிங்க் கம்மின்னு வந்தா நிஜமாவே கம்மியா இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போதே எல்லா வைட்டமின் டெஸ்டையும் எடுத்துடுறாங்க, ஊசி குத்துறப்பவே சேர்த்து எடுக்கலாமேங்கற நல்ல எண்ணம்தான், ஆனா அந்த நம்பர வச்சு அடுத்த ஆறு மாச பேக்க மாத்தினா தப்பாப் போகும். உடம்பு தேறினப்புறம் சில வாரம் கழிச்சு எடுங்க.

ரத்தம் எடுக்கற முறையும் முக்கியம். பேக் ஓடிட்டிருக்கும்போது அதே லைன்ல எடுத்தா சுகர், பொட்டாசியம் எல்லாம் பொய்யா ஏறித் தெரியும். ட்ரேஸ் எலிமென்ட்டுக்கு தனி ட்யூப் இருக்கு, சாதாரண ட்யூப் மூடியோட ரப்பர்லேருந்தே ஜிங்க் கலந்துடும். லேப்ல எடுக்கறவங்க அவசரத்துல இருந்தாலும் பரவால்ல, மரியாதையா ஒரு தடவ கேட்டுடுங்க.

எத்தன நாளைக்கு ஒரு தடவ டெஸ்ட்?

சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ், கிட்னி, லிவர் எல்லாம் ஆரம்பத்துல அடிக்கடி, உடம்பு ஒரு நிலைக்கு வந்தப்புறம் சில மாசத்துக்கு ஒரு தடவ. வைட்டமின், ட்ரேஸ் எலிமென்ட் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, குறைஞ்சது வருஷத்துக்கு ஒரு தடவயாவது. ஸ்டோமா அளவு மாறினா, புதுசா அறுவை சிகிச்சை நடந்தா, பேக் கம்பெனியோ வயலோ மாறினா அந்தக் கணக்குக்காக காத்திருக்காம எடுங்க. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதியோட ஒரே நோட்டுல எழுதுங்க, ஒரு நம்பர விட நாலு நம்பர் வரிசையா எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் விஷயம்.

மெக்னீசியம் எவ்வளவு ஏத்தினாலும் இறங்கிடுதே?

ரத்தத்துல இருக்கறது உடம்போட மொத்த மெக்னீசியத்துல ஒரு சதவீதத்துக்கும் கம்மி, அதனால ரிப்போர்ட் நார்மல்னு இருந்தாலும் உள்ள காலியா இருக்கலாம். கால் பிடிச்சு இழுக்குது, விரல் மதமதங்குது, களைப்பா இருக்குன்னா சொல்லிடுங்க. மெக்னீசியம் குறைவா இருக்கற வரைக்கும் பொட்டாசியமும் கால்சியமும் எவ்வளவு குடுத்தாலும் நிக்காது, மூணும் சேர்ந்து இறங்கினா முதல்ல மெக்னீசியத்த சரி பண்ணணும். வேகமா ஏத்தினா கிட்னி வழியா வெளிய போயிடும், மெதுவா ஏத்தினாதான் தங்கும்.

இழப்பு எங்க நடக்குதுன்னும் பாக்கணும். ஸ்டோமா அதிகமா போறவங்க தாகத்துக்கு வெறும் தண்ணியா குடிச்சுகிட்டே இருந்தா அது குடல்லேருந்து உப்ப இழுத்துட்டு இன்னும் அதிகமா வெளிய போகும். கேக்க வினோதமா இருக்கும், ஆனா தண்ணிய கட்டுப்படுத்தி உப்பும் குளுக்கோசும் சரியான அளவுல கலந்த ஓ.ஆர்.எஸ். குடிச்சதும் எங்க வீட்டுல அவுட்புட் நல்லா குறைஞ்சுது. அமிலத்துக்கு போடுற ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரைங்க ஸ்டோமாவ குறைக்க உதவும், ஆனா ரொம்ப நாள் போட்டா மெக்னீசியத்த இறக்கவும் செய்யும். இத டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

கால்சியம் பத்தலன்னா பேக்ல ஒரு ஆம்பூல் சேர்த்துக்கலாமா?

கூடாது. சத்தியமா கூடாது. கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரு அளவுக்கு மேல சேர்ந்தா சுண்ணாம்பு மாதிரி துகளா படியும், அது நுரையீரல் ரத்தக்குழாய்ல போய் அடைக்கும். 1994ல இதனால 2 பேர் இறந்ததுக்கு அப்புறம்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு. வெள்ளையா கொழுப்பு கலந்த பேக்ல அந்தத் துகள் கண்ணுக்கே தெரியாது. ஃபார்மசில பாஸ்பேட்ட முதல்ல போட்டு கால்சியத்த கடைசில போடுறதும், லைன்ல ஃபில்டர் வைக்கச் சொல்றதும் இதுக்குத்தான். ஃபில்டர் அடைச்சு பம்ப் அலாரம் அடிச்சா ஃபில்டர கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டாதீங்க, பேக்கையே நிறுத்திட்டு கூப்பிடுங்க.

எலும்பு தேயுதுன்னு சொல்றாங்க, டி.பி.என்.ல கால்சியம் இருந்துமா?

காரணம் பல. வைட்டமின் டி மல்டிவைட்டமின் வயல்ல பொதுவா 200 யூனிட்தான் இருக்கும், பலருக்கு அது பத்தாது. மெக்னீசியக் குறைவு, பழைய ஸ்டீராய்டு, நடமாட்டம் இல்லாதது எல்லாம் சேரும். அதோட அலுமினியம். கண்ணாடி ஆம்பூல்ல வர்ற கால்சியம் குளுக்கோனேட் மாதிரி மருந்துகள்லேருந்து அலுமினியம் கரைஞ்சு வரும், கிட்னி பலவீனமா இருந்தா வெளிய போகாம எலும்புல படியும். பிளாஸ்டிக் வயல்ல வர்ற கால்சியத்துல இது ரொம்பக் கம்மி, உங்க ஃபார்மசில எது பயன்படுத்துறாங்கன்னு கேக்குறதுல தப்பில்ல. எலும்போட அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன் மறக்காம எடுங்க. வெயில்ல தோல் செய்யற வைட்டமின் டிக்கு குடலே தேவையில்லங்கறதால தினமும் கொஞ்ச நேரம் வெளிய நடக்கறது நிஜமாவே பலன் தரும்.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க எத கவனிக்கணும்?

வைட்டமின் கே. 2000ல அமெரிக்காவுல பெரியவங்களுக்கான மல்டிவைட்டமின்ல 150 மைக்ரோகிராம் சேர்க்கச் சொன்னாங்க, ஆனா எல்லா பிராண்ட்லயும் கே இருக்காது, சோயா எண்ணெய் கொழுப்புலயும் கொஞ்சம் இருக்கு. பிராண்ட் மாறினாலோ கொழுப்பு கலந்த பேக் ஓடுற நாட்கள் மாறினாலோ ஐ.என்.ஆர். (ரத்தம் உறையற வேகத்த பாக்குறது) டெஸ்ட உடனே எடுங்க.

முடி கொட்டுது, பயோட்டின் மாத்திரை வாங்கி சாப்பிடலாமா? வைட்டமின் சி?

முடிக்கு ஜிங்க், இரும்பு, கொழுப்பு அமிலம், தைராய்டுன்னு பத்து காரணம் இருக்கு, முதல்ல அத பாருங்க. அதிக அளவு பயோட்டின் சில லேப் முறைகள்ல தைராய்டு டெஸ்டையும், மாரடைப்புக்கு பாக்குற ட்ரோபோனின் டெஸ்டையும் தப்பா காட்ட வைக்கும், சாப்பிடுறீங்கன்னா ரத்தம் எடுக்கறப்போ சொல்லியே ஆகணும். வைட்டமின் சி கூடுதலா போனா ஆக்சலேட்டா மாறி கிட்னில கல்லாகும். சின்னக் குடல் போயி பெருங்குடல் மட்டும் இருக்கறவங்களுக்கு இந்த ஆபத்து ஏற்கனவே அதிகம்.

பி12 வேற விஷயம். சின்னக் குடலோட கடைசிப் பகுதிய எடுத்துட்டா வாய் வழியா சாதாரண அளவுல குடுத்தா ஒழுங்கா சேராது. பேக்ல வர்றது போதுமான்னு டெஸ்ட்ல பாப்பாங்க. பேக் நாட்கள் குறைஞ்சு, வாரத்துக்கு மூணு நாள்தான்னு ஆகும்போது வைட்டமினும் மூணு நாள்தான் போகுதுங்கறத பலரும் மறந்துடுறாங்க, அந்த சமயத்துல பி12 ஊசி தனியா போடணுமான்னு கேளுங்க.

வேற ஆஸ்பத்திரில திடீர்னு சேர்க்க வேண்டி வந்தா?

ஒரு பக்கத்துல எழுதி பர்ஸ்ல வைங்க. பேக்ல இருக்கற ஒவ்வொரு பொருளோட தினசரி அளவு, வாரத்துக்கு எத்தன பேக், மல்டிவைட்டமின், ட்ரேஸ் எலிமென்ட் பிராண்ட் பேரு, தனியா சேர்க்கற ஜிங்க், மெக்னீசியம், கடைசி டெஸ்ட் தேதி, ஸ்டோமாவோட வழக்கமான அளவு. லைன் இன்ஃபெக்ஷன்னு சில நாள் பேக்க நிறுத்தி வெறும் குளுக்கோஸ் ட்ரிப் போடுவாங்க, அப்போ வைட்டமினும் நின்னுபோகுதுன்னு அவசரத்துல யாருக்கும் தோணாது. அங்கதான் நீங்க இருக்கணும். "தையமின் போகுதா? பாஸ்பரஸ், மெக்னீசியம் இன்னைக்கு பாத்தீங்களா?"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. திரும்ப பேக் ஆரம்பிக்கும்போது முழு வேகத்துல ஆரம்பிச்சா பாஸ்பரஸ் சடார்னு இறங்கும், ரொம்ப நாள் பட்டினி கிடந்தவங்களுக்கு இன்னும் மோசம். மெதுவா ஏத்தி தினமும் ரத்தம் பாக்கச் சொல்லுங்க.

தம்பியோட பேப்பர் லேமினேட் பண்ணி என் பைலயும் ஒண்ணு, அவன் பைலயும் ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு தடவ பேக் ஃபார்முலா மாறும்போதும் அன்னைக்கு ராத்திரியே புதுசா எழுதிடுவேன்.